சுரங்கம் மூடிய நகரில் அரசு சேவைகள் எந்த வாசலில் கிடைக்கின்றன? கோலார் தங்கவயலில் சமுதாய மையங்களின் பங்கு: ஒரு விளக்கம்

கோலார் தங்கவயல்: கர்நாடக மாநிலம் கோலார் மாவட்டத்திலுள்ள தங்கச் சுரங்கங்கள் 2001ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் தேதி மூடப்பட்டபோது, ஆயிரக்கணக்கான தொழிலாளர்களின் வேலையோடு மற்றொன்றும் முடிவுக்கு வந்தது. குடிநீர், மின்சாரம், மருத்துவமனை, குடியிருப்பு ஆகியவற்றை ஏறத்தாழ ஒரு நூற்றாண்டாக வழங்கிவந்த சுரங்க நிர்வாகம், அந்தப் பொறுப்புகளிலிருந்து விலகத் தொடங்கியது.

அதன்பின் ஏறத்தாழ கால் நூற்றாண்டு கடந்துவிட்டது. இன்று இந்நகர மக்களுக்கான நலத்திட்டங்களை ஒன்றிய அரசு, மாநில அரசு, நகரசபை ஆகியவை தனித்தனியே நடத்துகின்றன. ஆனால் ஒரு முதியவரோ, கைக்குழந்தையுடன் உள்ள தாயோ இத்திட்டங்களை நாடிச் செல்லும் இடம் பெரும்பாலும் துறை அலுவலகமாக இருப்பதில்லை. அங்கன்வாடி, சமுதாயக் கூடம், சங்கக் கட்டடம், வழிபாட்டுத் தலத்தை ஒட்டிய மண்டபம் போன்ற, வீட்டுக்கு அருகிலுள்ள ஓரிடமே அவர்களுக்கு அரசின் வாசலாக அமைகிறது.

அத்தகைய இடங்களைச் 'சமுதாய மையம்' என்ற பொதுப்பெயரால் அழைக்கலாம். அவை எவ்வாறு உருவாயின, எதைச் செய்ய இயலும், எங்கே தடைப்படுகின்றன என்பதைக் கோலார் தங்கவயலின் வரலாறு தெளிவாகக் காட்டுகிறது.

சமுதாய மையம் என்பது என்ன?

கர்நாடகத்தில் 'சமுதாய பவன்', 'அம்பேத்கர் பவன்' என்றெல்லாம் அழைக்கப்படும் கூடங்கள் திருமணத்திற்கும் கூட்டங்களுக்கும் வாடகைக்கு விடப்படும் கட்டடங்களாகவே பலருக்கும் அறிமுகமானவை. நகர்ப்புறச் சமூகப் பணியில் இச்சொல்லுக்கு இதைவிட விரிந்த பொருள் உண்டு. மருத்துவம், கல்வி, சட்ட உதவி, வேலைவாய்ப்பு, முதியோர் நலம் எனப் பல துறைகளின் சேவைகளை ஒரே இடத்தில், குடியிருப்புப் பகுதிக்குள்ளேயே பெற வழிசெய்யும் அமைப்பே சமுதாய மையம்.

இவ்வகை மையங்களுக்கு முன்னோடியாகக் கருதப்படுவது, இலண்டன் மாநகரின் ஏழைத் தொழிலாளர் பகுதியான ஒயிட்சேப்பலில் 1884ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட டாயின்பீ ஹால். அதைப் பின்பற்றி அமெரிக்காவின் சிகாகோ நகரில் ஜேன் ஆடம்ஸ், எலன் கேட்ஸ் ஸ்டார் ஆகியோர் 1889இல் ஹல் ஹவுஸை நிறுவினர். இந்தியாவில் 1926இல் பம்பாயின் நாக்பாடா பகுதியில் அமெரிக்க மராத்தி மிஷன் தொடங்கிய அக்கம்பக்க இல்லம் இவ்வழியில் வந்தது. அதன் அனுபவத்திலிருந்தே 1936இல் சமூகப் பணிக்கான தோராப்ஜி டாடா பட்டப் பள்ளி உருவாயிற்று. இன்று டாடா சமூக அறிவியல் நிறுவனம் என அறியப்படுவது அதுவே.

உதவி தேவைப்படுவோர் அலுவலகத்தைத் தேடி அலைய வேண்டியதில்லை, அலுவலகத்தின் பணி அவர்களது தெருவுக்கு வர வேண்டும் என்பதே இம்முயற்சிகள் அனைத்திற்கும் பொதுவான கருத்தாகும்.

நிறுவனம் நடத்திய நகரம்

கோலார் தங்கவயலில் இக்கருத்து வேறொரு வடிவில் நடைமுறைக்கு வந்தது. ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் என்னும் பிரித்தானிய நிறுவனம் 1880ஆம் ஆண்டு முதல் இங்குச் சுரங்கப் பணியை மேற்கொண்டது. வட ஆற்காடு, சேலம் உள்ளிட்ட தமிழ்ப் பகுதிகளிலிருந்து பெருமளவில் தொழிலாளர்கள் வந்து குடியேறினர். அவர்களில் மிகப் பலர் ஒடுக்கப்பட்ட சமூகங்களைச் சேர்ந்தவர்கள்.

காவிரியின் சிவனசமுத்திரம் அருவியில் உற்பத்தியான மின்சாரம், சுமார் 150 கிலோமீட்டர் தொலைவுக்குக் கம்பி வழியாகக் கொண்டுவரப்பட்டு, 1902ஆம் ஆண்டு தங்கவயலை அடைந்தது. பெத்தமங்கலத்தில் பாலாற்று நீர் தேக்கப்பட்டு, சுத்திகரிக்கப்பட்டு, குழாய் வழியே நகருக்கு அனுப்பப்பட்டது. நிறுவனத்திற்கெனத் தனி மருத்துவமனையும் இருந்தது. ஐரோப்பிய அதிகாரிகளுக்குப் பங்களாக்களும் மனமகிழ் மன்றமும் அமைந்தன. தொழிலாளர்களுக்கோ 'லைன்' எனப்படும் வரிசைக் குடியிருப்புகளும், மூங்கில் தட்டிகளால் ஆன சிறு வீடுகளுமே கிடைத்தன.

சுரங்கங்கள் 1956இல் அன்றைய மைசூர் அரசால் நாட்டுடைமை ஆக்கப்பட்டன. பின்னர் 1962இல் ஒன்றிய அரசின் பொறுப்புக்கு மாறின. 1972இல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் உருவாக்கப்பட்டது. உரிமையாளர் மாறியபோதிலும் நகர வாழ்க்கை சுரங்க நிர்வாகத்தைச் சார்ந்தே தொடர்ந்தது. குழாய் உடைந்தாலும், காய்ச்சல் வந்தாலும், வீட்டுக் கூரை ஒழுகினாலும் தொழிலாளி முறையிட வேண்டிய இடம் ஒன்றாகவே இருந்தது.

மக்கள் அமைத்துக்கொண்ட கூடங்கள்

நிறுவனம் அளித்த வசதிகளுக்கு வெளியே, தொழிலாளர்கள் தமக்கென மையங்களை உருவாக்கிக்கொண்டதும் இந்நகரின் வரலாற்றில் முக்கியமானது. அயோத்திதாசப் பண்டிதர் 1898இல் சென்னையில் நிறுவிய சாக்கிய பௌத்த சங்கத்தின் கிளைகள் தங்கவயலின் மாரிக்குப்பம், சாம்பியன் ரீஃப் ஆகிய இடங்களில் இயங்கின. வழிபாட்டுடன் சொற்பொழிவு, விவாதம், நூல் பதிப்பு ஆகியவையும் அங்கு நடைபெற்றன. அயோத்திதாசரின் 'தமிழன்' இதழ் அவரது மறைவுக்குப் பின், 1926 முதல் கோலார் தங்கவயலிலிருந்து ஞா. அப்பாதுரையாரை ஆசிரியராகக் கொண்டு வெளிவந்தது. சாம்பியன் ரீஃபில் இயங்கிய சித்தார்த்த புத்தகசாலை தமிழ்ப் பௌத்த நூல்களை வெளியிட்டது.

தொழிற்சங்க இயக்கமும் இதே மண்ணில் வேரூன்றியது. தொழிலாளர்களின் கைரேகையைப் பதிவு செய்யும் நிர்வாகத்தின் முடிவை எதிர்த்து 1930இல் நடைபெற்ற வேலைநிறுத்தம் 21 நாள்கள் நீடித்தது. பிற்காலத்தில் சங்க அலுவலகங்கள் கூலிப் பேச்சுவார்த்தைக்கு மட்டுமன்றி, மனு எழுதவும், விபத்து இழப்பீடு கோரவும், குடும்பத் தகராறுகளைத் தீர்க்கவும் மக்கள் நாடும் இடங்களாயின.

எனவே, சுரங்கம் மூடப்பட்டபோது தங்கவயலில் கூடங்களுக்கும், கூடிப் பழகிய மக்களுக்கும் குறைவில்லை. சேவையை வழங்கும் பொறுப்பு யாருடையது என்பதிலேயே தெளிவின்மை ஏற்பட்டது.

பொறுப்பு யாருடையது?

அரசமைப்புச் சட்டத்தின் 74ஆவது திருத்தம் 1993ஆம் ஆண்டு ஜூன் 1ஆம் தேதி நடைமுறைக்கு வந்தது. அதன்வழி சேர்க்கப்பட்ட 12ஆவது அட்டவணை, நகர உள்ளாட்சி அமைப்புகளிடம் ஒப்படைக்கத்தக்க 18 பணிகளைப் பட்டியலிடுகிறது. குடிநீர் வழங்கல், பொதுச் சுகாதாரம், குடிசைப் பகுதி மேம்பாடு, நகர்ப்புற வறுமை ஒழிப்பு, நலிந்த பிரிவினரின் நலன் காத்தல் ஆகியவை அவற்றுள் அடங்கும்.

தங்கவயலில் இப்பணிகள் ராபர்ட்சன்பேட்டை நகரசபையைச் சார்ந்தவை. 35 வார்டுகளைக் கொண்ட இந்நகரின் மக்கள்தொகை ஒன்றரை இலட்சம் அளவிலானது. ஆனால் சுரங்கக் குடியிருப்புகளில் பெரும்பகுதி, ஒன்றிய அரசுக்குச் சொந்தமான சுரங்க நிறுவனத்தின் நிலத்தில் அமைந்தவை. தெருவிளக்கு, வடிகால், கழிப்பிடம் என எதை அமைப்பதானாலும் நிலம் யாருடையது என்ற கேள்வி முதலில் எழுகிறது.

இதன் விளைவு துப்புரவில் கடுமையாக வெளிப்பட்டது. கழிவுநீர் இணைப்பற்ற உலர் கழிப்பிடங்கள் சுரங்கக் குடியிருப்புகளில் நீண்டகாலம் நீடித்தன. அவற்றை மனிதர்கள் கையால் சுத்தம் செய்யும் அவலத்தை 2011ஆம் ஆண்டு அளவில் மனித உரிமை அமைப்புகள் நாட்டின் கவனத்திற்குக் கொண்டுவந்தன. கையால் கழிவகற்றும் பணியில் ஆட்களை அமர்த்துவதைத் தடைசெய்து, அவர்களது மறுவாழ்வுக்கு வகைசெய்யும் சட்டம் 2013இல் நாடாளுமன்றத்தில் நிறைவேற்றப்பட்டது.

ஒரே கூரையின் கீழ் வரக்கூடிய சேவைகள்

நகர்ப்புற ஏழைகளுக்கான திட்டங்கள் பலவும், அவை செயல்படும் முறையிலேயே, குடியிருப்புக்கு அருகில் ஓர் இடத்தை வேண்டி நிற்கின்றன.

முதலாவது அங்கன்வாடி. 1975ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் தேதி தொடங்கப்பட்ட ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தின்கீழ், ஊட்டச்சத்து உணவு, முன்பருவக் கல்வி, தடுப்பூசி, மருத்துவப் பரிசோதனை, மேல்சிகிச்சைக்கான பரிந்துரை, உடல்நலக் கல்வி ஆகிய 6 சேவைகள் இங்கு வழங்கப்படுகின்றன. பொதுவாக 400 முதல் 800 பேர் வரை வசிக்கும் பகுதிக்கு ஒரு மையம் என்பது திட்டத்தின் அளவுகோல்.

இரண்டாவது அடிப்படை மருத்துவம். தேசிய நகர்ப்புறச் சுகாதார இயக்கம், 50,000 பேருக்கு ஓர் ஆரம்பச் சுகாதார நிலையம் என வரையறுக்கிறது. அந்த அளவுகோலின்படி தங்கவயல் போன்ற நகருக்கு 3 நிலையங்கள் தேவைப்படும். நோயாளிக்கும் நிலையத்துக்கும் இடையிலான தொலைவைக் குறைக்கவே, மாதத்தில் ஒரு நாள் சமுதாயக் கூடத்தில் முகாம் நடத்துவது போன்ற ஏற்பாடுகள் தேவையாகின்றன. கர்நாடக அரசு 2022 டிசம்பரில் தொடங்கிய 'நம்ம கிளினிக்' திட்டமும் மருத்துவத்தைத் தெருவுக்கு அருகில் கொண்டுசெல்லும் நோக்கம் கொண்டது.

மூன்றாவது மகளிர் சுய உதவிக் குழுக்கள். 2013இல் தொடங்கப்பட்ட தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கத்தின்கீழ், 10 முதல் 20 பெண்கள் கொண்ட ஒரு குழுவிற்கு 10,000 ரூபாய் சுழல்நிதி வழங்க வகை செய்யப்பட்டது. கூடிப் பேசவும், கணக்கு எழுதவும், வங்கி அதிகாரியைச் சந்திக்கவும் குழுவுக்கு நிலையான ஓர் இடம் வேண்டும்.

நான்காவது ஓய்வூதியமும் நலத்தொகைகளும். ஊழியர் ஓய்வூதியத் திட்டம் 1995இன்கீழ் ஓய்வூதியம் பெறுவோர் ஆண்டுதோறும் உயிர்வாழ் சான்று அளிக்க வேண்டும். இச்சான்றை மின்னணு முறையில் அளிக்கும் வசதி 2014 நவம்பரில் அறிமுகமானது. கைரேகை வாயிலாகவும், பிற்காலத்தில் முக அடையாளம் வாயிலாகவும் இதைச் செய்யலாம். நீண்டகாலம் உடலுழைப்பில் ஈடுபட்டோரின் கைரேகையைக் கருவி ஏற்க மறுப்பது பரவலாகக் காணப்படும் சிக்கல். அத்தகைய சூழலில், ஒரு கைப்பேசியும் அதனை இயக்கத் தெரிந்த ஒருவரும் அருகிலுள்ள கூடத்தில் இருந்தால், ஒரு முதியவரின் ஓய்வூதியம் தடைபடாமல் காக்கப்படும்.

நேரம், மொழி, ஆள்

இவ்வளவு சேவைகளுக்கும் இடம் இருந்தும் அவை உரியவரைச் சென்றடையாமல் போவதற்குத் தங்கவயலில் மூன்று காரணங்கள் குறிப்பிடத்தக்கவை.

முதலாவது நேரம். சுரங்கம் மூடிய பின், ஆயிரக்கணக்கானோர் நாள்தோறும் மாரிக்குப்பத்திலிருந்து புறப்படும் ரயில்களில் சுமார் 100 கிலோமீட்டர் தொலைவிலுள்ள பெங்களூருவுக்கு வேலைக்குச் சென்று திரும்புகின்றனர். விடியும் முன் வீட்டைவிட்டுக் கிளம்பி, இருட்டிய பின் திரும்புபவருக்கு, பகல் நேரத்தில் மட்டும் இயங்கும் அலுவலகமோ, அங்கன்வாடியோ பெரிதும் பயன்படுவதில்லை. ஒன்றிய அரசின் பால்ணா திட்டத்தின்கீழ் அங்கன்வாடியுடன் குழந்தைக் காப்பகத்தையும் இணைக்க வழி உண்டு. பணிக்குச் செல்லும் தாய்மார்கள் நிறைந்த இந்நகரில், ரயில் நேரத்தை ஒட்டிக் காப்பகம் இயங்குவதும், வாரத்தில் சில நாள்களேனும் மையம் இரவு 8 மணிவரை திறந்திருப்பதும் பெரும் மாற்றத்தைத் தரும்.

இரண்டாவது மொழி. மாநிலத்தின் ஆட்சிமொழி கன்னடம். படிவங்களும் அறிவிப்புகளும் கன்னடத்தில் வெளியாகின்றன. சுரங்கத் தொழிலாளர் குடும்பங்களின் மூத்த தலைமுறையினரில் பலர் தமிழ் மட்டுமே படிக்க அறிந்தவர்கள். இளைய தலைமுறை கன்னடம் கற்றுத் தேர்ந்திருந்தாலும், பகலில் பெங்களூருவில் இருக்கிறது. அரசமைப்புச் சட்டத்தின் 350ஆவது பிரிவு, ஒன்றியத்திலோ மாநிலத்திலோ வழங்கும் எந்த மொழியிலும் குறைதீர் மனு அளிக்க ஒவ்வொருவருக்கும் உரிமை தருகிறது. அந்த உரிமை நடைமுறையில் பயன்பட வேண்டுமானால், இரு மொழியும் அறிந்த ஒருவர் மனுதாரரின் அருகில் இருக்க வேண்டும். சமுதாய மையம் ஆற்றக்கூடிய, அதிகச் செலவில்லாத, ஆனால் மிகுந்த பயனுள்ள பணி இதுவே.

மூன்றாவது ஆள். கட்டடம் எழுப்ப நிதி ஒதுக்குவது ஒருமுறைச் செலவு. அதைத் திறந்து, பதிவேடு பராமரித்து, வந்தவரின் தேவையைக் கேட்டு உரிய துறைக்கு அனுப்பும் பணியாளரின் ஊதியம் மாதந்தோறும் வருவது. பல இடங்களில் முன்னது நிறைவேறி, பின்னது விடுபட்டுவிடுகிறது. அப்போது சமுதாய மையம் வாடகை மண்டபமாக எஞ்சுகிறது.

சுரங்க நிறுவனத்தின் பழைய மருத்துவமனை இதற்குத் தக்க சான்று. நீண்டகாலம் பூட்டிக் கிடந்த அக்கட்டடத்தை, கொரோனாப் பெருந்தொற்றின் இரண்டாம் அலையின்போது, 2021இல், தன்னார்வலர்கள் சில வாரங்களில் துப்புரவு செய்து, சிகிச்சைக்கு ஏற்றதாக்கினர். உழைப்பைத் தர மக்கள் ஆயத்தமாக இருந்தனர் என்பதை அந்நிகழ்வு உறுதிப்படுத்தியது. மருத்துவர், செவிலியர், மருந்து, நிதி ஆகியவற்றைத் தொடர்ந்து தரும் பொறுப்பை உழைப்புக் கொடையால் ஈடுசெய்ய இயலாது என்பதும் அதன் மறுபக்கம்.

நுரையீரல் நோய்: தாமதம் பொறுக்காத தேவை

இத்தகைய மையங்களின் தேவையை மிகத் தெளிவாக உணர்த்துவது சிலிகோசிஸ் என்னும் நுரையீரல் நோய். பாறையைத் துளைக்கும்போது எழும் நுண்ணிய சிலிக்காத் தூசியை ஆண்டுக்கணக்கில் சுவாசிப்பதால் இது உண்டாகிறது. இந்தியாவில் இந்நோய் முதன்முதலில் பதிவானது 1940களில் கோலார் தங்கச் சுரங்கத் தொழிலாளர்களிடையேதான் என மருத்துவப் பாடநூல்கள் குறிப்பிடுகின்றன.

தூசியிலிருந்து விலகிய பின்னரும் இந்நோய் முற்றக்கூடும். பாதிக்கப்பட்ட நுரையீரலைக் காசநோய் எளிதில் பற்றுகிறது. ஆகவே சுரங்கம் மூடி ஆண்டுகள் பல ஆனபோதிலும், முன்னாள் தொழிலாளர்களுக்குக் கண்காணிப்புத் தேவைப்படுகிறது. சிலிகோசிஸை முற்றிலும் குணப்படுத்த மருந்தில்லை. காசநோய்க்கு உண்டு. காசநோயாளிகளுக்கு அரசு வழங்கும் ஊட்டச்சத்து உதவித்தொகை 2018இல் மாதம் 500 ரூபாயாகத் தொடங்கி, 2024 நவம்பர் முதல் 1,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது.

மூச்சுத்திணறல் உள்ள ஒரு முதியவர் பேருந்தேறி மருத்துவமனைக்குச் செல்வதைத் தள்ளிப்போடுவது இயல்பு. அவரது தெருமுனைக் கூடத்தில் சளிப் பரிசோதனைக்கு மாதிரி பெறப்பட்டு, முடிவு அங்கேயே தெரிவிக்கப்பட்டு, உதவித்தொகைக்கான வங்கிக் கணக்கு விவரமும் அங்கேயே பதிவானால், மூன்று அலைச்சல்கள் ஒன்றாகக் குறையும். முன்னாள் சுரங்கத் தொழிலாளர்களின் பெயர், வயது, பணியாற்றிய பகுதி ஆகியவற்றைக் கொண்ட ஒரு பதிவேடு வார்டுதோறும் இருந்தால், யார் பரிசோதிக்கப்படவில்லை என்பதும் தெரியவரும்.

கேரளம் காட்டும் வழி

கட்டடத்துடன் பொறுப்பையும் இணைத்த முறைக்கு அண்டை மாநிலமான கேரளத்தில் முன்மாதிரி உண்டு. 1990களின் தொடக்கத்தில் ஆலப்புழா நகரில் மேற்கொள்ளப்பட்ட முயற்சியின் படிப்பினைகளைக் கொண்டு, 1998இல் குடும்பஸ்ரீ இயக்கம் தொடங்கப்பட்டது. தெரு அளவில் அயல்கூட்டக் குழு, வார்டு அளவில் பகுதி வளர்ச்சிச் சங்கம், உள்ளாட்சி அளவில் சமுதாய வளர்ச்சிச் சங்கம் என மூன்று அடுக்குகளாக அது இயங்குகிறது. தெருவில் எழும் ஒரு தேவை, நகரசபையின் திட்டப் பட்டியல்வரை செல்ல வரையறுக்கப்பட்ட பாதை அங்கு உள்ளது. யாரிடம் சொல்ல வேண்டும், யார் பதில் சொல்ல வேண்டும் என்பது உறுப்பினர்களுக்குத் தெரியும்.

தங்கவயலிலும் இதற்கான கூறுகள் தனித்தனியே உள்ளன. சுய உதவிக் குழுக்கள், அங்கன்வாடி ஊழியர்கள், ஆஷா பணியாளர்கள், ஓய்வுபெற்றோர், தொழிற்சங்க அனுபவம் வாய்ந்த மூத்தோர் ஆகியோர் எல்லாப் பகுதிகளிலும் இருக்கின்றனர். அவர்களை வார்டு அளவில் ஒரே மையத்தின்கீழ் இணைத்து, அதற்கு நகரசபையைப் பொறுப்பாக்குவதே எஞ்சியுள்ள பணி.

நிதி எங்கிருந்து வரும்?

தங்கவயலின் சுரங்கக் கழிவு மேடுகள் மீண்டும் கவனம் பெற்றுள்ளன. 1,000 ஏக்கருக்கும் மேற்பட்ட நிலத்தில் பரவியுள்ள 13 மேடுகளில் சுமார் 3.3 கோடி டன் கழிவு மண் உள்ளதாக மதிப்பிடப்பட்டுள்ளது. சயனைடு முறையில் தங்கம் பிரித்தெடுக்கப்பட்ட பின் எஞ்சிய இம்மண், காற்றுக் காலத்தில் குடியிருப்புகளுக்குள் தூசியாகப் படிகிறது. இதில் மிச்சமுள்ள தங்கத்தை எடுப்பதற்கான ஒன்றிய அரசின் முன்மொழிவுக்குக் கர்நாடக அமைச்சரவை 2024 ஜூன் மாதம் இசைவு தெரிவித்தது.

சுரங்கங்கள், கனிமங்கள் சட்டத்தில் 2015இல் கொண்டுவரப்பட்ட திருத்தத்தின்படி, சுரங்கத்தால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் மாவட்டக் கனிம அறக்கட்டளை அமைக்கப்பட வேண்டும். சுரங்க உரிமதாரர்கள் அதற்குப் பங்களிக்க வேண்டும். அந்நிதியில் குறைந்தது 60 விழுக்காட்டைக் குடிநீர், சுகாதாரம், கல்வி, துப்புரவு, மகளிர், குழந்தைகள், முதியோர் நலன் போன்ற முன்னுரிமைத் துறைகளுக்குச் செலவிட வேண்டும் என அவ்வாண்டு வெளியான வழிகாட்டுதல்கள் கூறின.

அப்பட்டியலிலுள்ள தேவைகளும், தங்கவயலின் சமுதாய மையங்கள் நிறைவேற்ற வேண்டிய பணிகளும் ஏறக்குறைய ஒன்றே. கழிவு மேடுகளிலிருந்து வருவாய் கிடைக்கும் நிலை ஏற்பட்டால், அதன் ஒரு பகுதியைப் புதிய கட்டடங்களுக்கு ஒதுக்குவதா, அல்லது இருக்கும் கூடங்களில் இரு மொழி அறிந்த பணியாளரையும், மாதந்தோறும் வரும் மருத்துவக் குழுவையும் நிலைநிறுத்துவதா என்பதை முடிவு செய்ய வேண்டியிருக்கும். முன்னாள் தொழிலாளர்களின் வயதைக் கருதும்போது, அந்த முடிவுக்கு அதிகக் காலம் எடுத்துக்கொள்ள இயலாது.